இரவல் கண்

“அப்பா, பூ கண்ணை மறைக்கறது. எடு” என்றாள் தாரா.

வைத்தீஸ்வரன் அப்போது பாதி சவரத்தில் இருந்தான். ஆபீஸ் நாள். கீழே ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. ஆறு வயது மகள் கட்டிலில் உட்கார்ந்து, முகத்துக்கு முன்னால் எதையோ கையால் விலக்கிக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வீட்டிலேயே அன்று பூ வாங்கவில்லை.

“என்ன பூடி?”

“சாமந்தி மாலை. ஈரமாத் தொங்கறது.”

“மஞ்சளா, சிவப்பா?”

தாரா யோசித்தாள். “சாம்பல்.”

“அடேயப்பா, சாம்பல் சாமந்தி! ஒரு முழம் என்ன விலையாம்?” என்று சொல்லி, விரலில் சோப்பு நுரையை எடுத்து அவள் மூக்கு நுனியில் வைத்தான். வழக்கமாக இதற்குக் கட்டில் அதிரச் சிரிப்பாள். இன்று நுரை மூக்கில் பட்ட பிறகுதான் திடுக்கிட்டாள். விரல் வருவதை அவள் பார்க்கவே இல்லை. கண்கள் திறந்துதான் இருந்தன. அவனைத் தாண்டி, சற்றுக் கீழே, தரையில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

அந்த எழுபத்துநாலாம் வருஷத்தில் வைத்தீஸ்வரனுக்கு வயது முப்பத்தாறு. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கெட்ட பழக்கங்கள் இரண்டு: எழவு வீட்டில்கூட வாய் சும்மா இராமல் ஏதாவது ஜோக் அடிப்பது ஒன்று, போட்டோ எடுப்பது மற்றொன்று. ரஸ்ஸல் தெரு ஏலத்தில், ஊருக்குக் கப்பலேறிய ஏதோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன கேமராவை இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கி வந்தான். அதற்குப் பிறகு மீனாக்ஷி ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் நிம்மதியாக மூன்று ரோல் எடுத்ததாக நண்பர்களிடம் சொல்லிக்கொள்வான்.

ஞாயிறு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை குளியலறை அவனுக்கு. மீனாக்ஷியிடம் விண்ணப்பம் போட்டுப் பெற்ற உரிமை. காற்றுத் துவாரத்தில் கறுப்புக் காகிதம், அதன் மேல் ஒரு பழைய கறுப்புப் பாவாடை, கதவிடுக்கில் ஈரத்துண்டு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே நடுராத்திரி. பலகைமேல் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், மூலையில் ஒரு சிவப்பு பல்பு, தரையில் வரிசையாக மூன்று தட்டுகள்: டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. முதல் தட்டில் வெள்ளைக் காகிதத்தை அமிழ்த்தி லேசாக ஆட்ட வேண்டும். இருபது விநாடி ஒன்றும் இராது. பிறகு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு நிழல், ஒரு புருவம், ஒரு முகம். இத்தனை வருஷமாகியும் அந்த நொடியில் வைத்தீஸ்வரன் வாயைப் பிளக்காமல் இருந்ததில்லை. ஆபீஸில் மானேஜர் கலர்ப் படம் எடுத்துவந்து எல்லாரிடமும் காட்டுவார். “கலர்ப் போட்டோ ஊர்வம்பு பேசறவன் மாதிரி சார், எல்லாத்தையும் கொட்டிடும். கறுப்பு வெள்ளை வாயைத் திறக்காது. நாமதான் மிச்சத்தை நினைச்சுக்கணும்” என்று சொல்லி அவன் ஒரு இன்கிரிமென்ட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டதுண்டு.

தாராவுக்கு மட்டும் உள்ளே அனுமதி. ஒருநாள் அரசிலையைக் காகிதத்தில் வைத்து அவளே ஒரு படம் செய்தாள். தட்டில் இலை வெள்ளையாய் எழும்பியதும் பொறுக்க முடியவில்லை, “மா, தேக்கோ! இங்க பாரேன்!” என்று கத்திக்கொண்டு ஈரக் காகிதத்தோடு வெளியே ஓடிவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை சாம்பலாகி, கருகி, காகிதம் முழுக்க அட்டைக்கறுப்பாயிற்று. அழுது தீர்த்தாள். “ஹைப்போவில் குளிக்காத படத்துக்கு வெளிச்சம் விஷம்டி, கண்ணா” என்று வைத்தீஸ்வரன் மடியில் வைத்துச் சொன்னான். “ஹைப்போ குளிச்சாத்தான் அது இருக்கும். இல்லேன்னா போயே போயிடும்.”

எல்லாம் ராஜம்மாவிலிருந்துதான் ஆரம்பித்தது.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ராஜம்மா மெஸ் என்றால், தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பிரம்மச்சாரிகள் அத்தனை பேருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் வைத்தீஸ்வரனும் அந்த அம்மாள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஒரு பந்தி எழுந்து இலை எடுத்ததும், கரண்டியால் அண்டாவின் விளிம்பில் இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தட்டு. டக் டக். டக். “சார், இலை போட்டாச்சு!” வெளியே காத்திருப்பவர்கள் உள்ளே வரலாம். யாராக இருந்தாலும் அவளுக்கு சார்தான். அவன் கேமராவைத் தூக்கினால் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். “என் மூஞ்சில இன்னா இருக்குது சார், சோத்தைப் பாத்து சாப்புடுங்க.”

அவள் செத்த அன்று காலை மகன் கோவிந்தராஜன் கதவைத் தட்டினான். “சார், அம்மா மொகம் ஒண்ணு கூட வீட்டுல இல்ல சார். ஒரே ஒரு போட்டோ. காரியத்தன்னிக்கு எதுக்கு முன்னாடி சார் நான் விளக்கு ஏத்தறது?”

ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்கு அரிசி மூட்டையை அண்டைகொடுத்து, எட்டுப் படம் எடுத்தான். ரோலில் பன்னிரண்டு. வீட்டு வாசலிலேயே மீனாக்ஷி அவன் தலையில் இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டினாள். அவன் குளித்தான். கேமரா குளிக்கவில்லை.

“அதுக்கு யார் தலைமுழுகறது?” என்று மீனாக்ஷி கேட்டாள்.

“அது வெள்ளைக்காரக் கேமராடி. அதுக்குத் தீட்டு கிடையாது.”

மிச்சம் நாலு படத்தை வீணாக்க மனசு வரவில்லை. ஃபிலிம் அப்போது குதிரைக்கொம்பு. மத்தியானம் தாராவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தான். இரண்டு காதையும் பிடித்து இழுத்து நாக்கை நீட்டிக் காட்டினான். அது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் உரிய கோணங்கித்தனம். அவள் கண்ணை அகல விரித்துச் சிரிக்கும்போது கிளிக்.

ராஜம்மாவின் படம் நன்றாகவே வந்தது. கண்தான் மூடியிருந்தது. “கண்ணைத் தொறந்தாப்ல பண்ண முடியாதா சார்?” என்று கோவிந்தராஜன் கெஞ்சினான். ஸ்டுடியோக்காரர்கள் செய்வதுதானே? வைத்தீஸ்வரன் பிரஷ்ஷும் மையும் வைத்து வரைந்து பார்த்தான். ராஜம்மா பூனைக்குட்டி திருடியவள் மாதிரி முழித்தாள். அழித்தான். மறுபடி வரைந்தான். இம்முறை பூனைக்குட்டியே ஆகிவிட்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அதே ரோல், அதே மாதிரி ஜன்னல் வெளிச்சம், அதே சாய்மானம், தாராவின் படம். கலராக இருந்தால் நடக்கவே நடக்காது, குழந்தையின் கண்ணில் வெண்மை நீலம் பாய்ந்திருக்கும், கிழவியின் கண்ணில் மஞ்சள். கறுப்பு வெள்ளையில் கண் என்பது கண்தான். அளவு பார்த்து தாராவை அச்சிட்டு, பிளேடால் கண்களை வெட்டியெடுத்து, மூடிய இமைகள்மேல் ஒட்டினான். விளிம்பை மையால் மெழுகினான். அதை மறுபடி போட்டோ எடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து பெரிதாக ஒன்று அச்சிட்டான்.

அன்று மகாளய அமாவாசை. “கண் திறக்க இன்னிக்குத்தானா நாள் கிடைச்சுது?” என்றாள் மீனாக்ஷி.

“காளிகாட்ல பொம்மை பண்றவா எல்லாரும் இன்னிக்குத்தான் துர்க்கைக்குக் கண் எழுதறா. நான் ஒரு கிழவிக்கு எழுதறேன். சகவாச தோஷம்!”

மறுநாள் மெஸ்ஸில், காரியத்துக்கு வந்திருந்தவர்கள் படத்தைப் பார்த்ததும் ஓவென்று அழுதார்கள். “அம்மா பாக்கறாங்க!” என்று கோவிந்தராஜன் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பழைய வாடிக்கைக்காரன் ஏழுமலை மட்டும் அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். “நல்லாக்கீது சார். ஆனா அம்மாவுக்கு எடது கண்ணு சின்னது. பாதி மூடினாப்ல இருக்கும். இது சின்னப் பொண்ணு கண்ணு மாதிரி கீதே.”

வைத்தீஸ்வரன் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டான். சாமந்தி மாலை போட்டார்கள்.

அதற்கு அடுத்த காலைதான் தாரா பூவை எடுக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் இமைகள் கொஞ்சம் இறங்கியிருந்தன. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் காலை இரண்டும் மூடிக்கொண்டன. பாலிகஞ்சில் ஒரு பெரிய டாக்டர் டார்ச் அடித்து, இமையை விரலால் தூக்கிப் பார்த்து, கண்ணில் ஒரு குற்றமும் இல்லை, பயந்திருப்பாள், தானே திறந்துகொள்வாள் என்றார். விரலை எடுத்ததும் இமை மெதுவாக, ஒரு கதவைச் சாத்துவதுபோல் மறுபடி மூடிக்கொண்டது. மீனாக்ஷி காளிகாட்டுக்கு ஓடினாள். ஊரெல்லாம் பூஜைப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது, மூங்கில் பிளக்கிற சத்தம், புதுத்துணி வாசனை, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. அந்த வீட்டில் மட்டும் ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, தானாகப் பேசிக்கொண்டிருந்தது.

“எல்லார் மண்டையும் தெரியறதும்மா. மேல்லேர்ந்து பாக்கறேன். ஒரு மாமாவுக்கு உச்சியில வட்டமா வழுக்கை. சாம்பார் கறுப்பா இருக்கு. எல்லாமே சாம்பல்.”

“கனவு கண்டியா, கண்ணா?” என்றாள் மீனாக்ஷி.

“இல்லேம்மா. கோவிந்து மாமா விளக்கு ஏத்தறார். புகை. கண் எரியறது.”

வைத்தீஸ்வரன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவன் நிறுத்தினான். கை தட்டிலேயே கிடந்தது. அவன் வாய்க்கு ஜோக் வரவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அதுவே முதல் தடவை என்று மீனாக்ஷி பிறகு நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் ஆபீஸிலிருந்து பாதியில் கிளம்பி மெஸ்ஸுக்குப் போனான். மணி ஒன்றரை. இரண்டாம் பந்தி. சுவரில் உயரத்தில் ராஜம்மா, மாலையோடு. கீழே முதல் இலையில் ஏழுமலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உச்சியில் வட்டமாக வழுக்கை. வைத்தீஸ்வரன் அண்ணாந்தான். படத்தின் கண்கள் அவனைப் பார்த்தன. நல்ல போட்டோவில் கண் எங்கே நின்றாலும் பார்ப்பது போலிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும், பத்துப் பேருக்கு அதை விளக்கியும் இருக்கிறான். அவன் இடது பக்கம் நகர்ந்தான். பார்த்தன. ரச வாசனை, ஊதுவத்தி வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். முப்பது பேர் சாப்பிடுகிற கூடத்தின் நடுவே, வைத்தீஸ்வரன் இரண்டு காதையும் பிடித்து இழுத்து, படத்தைப் பார்த்து நாக்கை நீட்டினான்.

கூடத்தில் அத்தனை கையும் வாய்க்குப் போகாமல் நின்றது.

“சார்?” என்றான் கோவிந்தராஜன்.

“ஒண்ணுமில்லப்பா.” காதுகளை விட்டான். “வெயில்.”

“அம்மா இருக்கறாப்லயே இருக்குது சார்.” கோவிந்தராஜன் குரலைத் தாழ்த்தினான். “படம் மாட்டினதுலேர்ந்து, பந்தி மாறற நேரத்துக்கு யாரோ அண்டாவுல தட்டறாங்க சார். ரெண்டு, அப்புறம் ஒண்ணு. உள்ள போய்ப் பாத்தா யாரும் இல்ல. பயமில்ல சார், நல்லாத்தான் இருக்குது.”

வீட்டுக்கு வந்தபோது மீனாக்ஷி வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தாலும் முகத்தில் வெளிச்சம். “ஏன்னா, குழந்தை சிரிச்சா! ஒன்றரை மணிக்கு, தானா, வாய்விட்டுச் சிரிச்சா. அப்பா காதைப் பிடிச்சுண்டு நாக்கை நீட்டறார்னு சொன்னா. உங்க நினைப்புதான் குழந்தைக்கு.”

வைத்தீஸ்வரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. படத்தைக் கிழிக்கலாமா? கிழித்தால் எது கிழியும்? எரித்தால்? நினைத்த மாத்திரத்தில் எழுந்துபோய்க் குழந்தையின் இமையைத் தொட்டுப் பார்ப்பான். சூடில்லை. உள்ளே கருவிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருக்கும். எங்கோ இருக்கிற இருட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மீனாக்ஷியிடம் சொன்னான். பைத்தியம் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தான். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“கேமராவுக்கு யார் தலைமுழுகறதுன்னு கேட்டேனே” என்றாள். “திருப்பிக் கொண்டு வாங்கோ. எப்படி எடுத்தேளோ அப்படியே திருப்பி வையுங்கோ.”

எப்படி எடுத்தானோ அப்படியே. வெட்டி, ஒட்டி, மறுபடி எடுத்து, அச்சிட்டு. வந்த வழியே திரும்பிப் போனால் வீடு வந்துவிடாதா? அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அஷ்டமியன்று மெஸ்ஸுக்குப் போனான். “ஹைப்போ சரியா ஏறலைப்பா, மஞ்சளாயிடும். புதுசா போட்டுத் தரேன்” என்றான். அது பொய். அந்தப் படம் ஹைப்போவில் அரை மணி ஊறியது, நூறு வருஷத்துக்கு அசையாது. கோவிந்தராஜன் மனசில்லாமல் இறக்கிக்கொடுத்தான். செய்தித்தாளில் சுற்றப்போனவனைத் தடுத்து, வைத்தீஸ்வரன் படத்தை மார்போடு அணைத்து, முகம் வெளியே தெரிய, தெருவில் நடந்தான். மூடினால் குழந்தைக்கு இருட்டிவிடுமே. புதுத்துணிக் கூட்டம், தாக் மேளம், கண்ணைக் கரிக்கும் தூபப் புகை. நடுவே ஒருவன், செத்த கிழவியின் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இந்த வருஷம் தாரா பூஜையே பார்க்கவில்லை என்று ஞாபகம் வந்தது. ஒரு பந்தலில் நுழைந்து, துர்க்கைக்கு எதிரே படத்தை உயர்த்தினான். சிங்கம் தெரிகிற மாதிரி கொஞ்சம் சாய்த்தும் காட்டினான். பக்கத்தில் நின்ற வங்காளி அம்மாள் ஒருத்தி, “உன் அம்மாவா?” என்று கேட்டாள். “மேயே” என்றான் அவன். மகள். அவள் படத்தையும் அவனையும் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

வீட்டில் தாரா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “அப்பா துர்க்கை காமிச்சார். பத்துக் கை. எல்லாம் சாம்பல்” என்றாள். கண் மூடியிருந்தது.

அவளைத் தூக்கி அதே ஜன்னலோரம், அதே நாற்காலியில் உட்காரவைத்து, மூடிய கண்ணோடு படம் எடுத்தான். கழுவி, அளவாக அச்சிட்டு, ஹைப்போவில் போட்டு, காயவைத்தான். பிறகு ராஜம்மாவைச் சட்டத்திலிருந்து பிரித்து மேஜைமேல் கிடத்தினான். பிளேடை எடுத்தான்.

அடுத்த அறையில் தாரா வீறிட்டாள். “அப்பா! பெரிசா என்னமோ வரது! பளபளன்னு! கிட்ட வரது!”

“அப்பாதான்டா. அப்பா கைதான்.” அவன் பிளேடைச் சற்று நிறுத்தினான். “சமர்த்தா இருப்பியாம். அசையப்படாது. இதோ. இதோ ஆச்சு.”

“மீனா, அவளைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!” என்று அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தான்.

“பிடிச்சுண்டுதான் இருக்கேன்!” மீனாக்ஷி அழுதுகொண்டே கத்தினாள். “சீக்கிரம்னா!”

பதினைந்து நிமிஷம். வேர்வை சொட்டிக் காகிதம் நனையாமல் இருக்க வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு, இமை விளிம்பில் ஒரு மயிரிழை விட்டு, வளைவைச் சுற்றி, மெல்ல, வெட்டினான். இரண்டு கண்ணும் வந்தன. ராஜம்மாவின் முகத்தில் இரண்டு ஓட்டைகள். ஓட்டை வழியே மேஜைப் பலகைதான் தெரிந்தது. ஆனாலும் படத்தைக் கவிழ்த்துவைத்தான். கண்களை மகளின் மூடிய இமைகள்மேல் ஒட்டினான். மறுபடி போட்டோ. மறுபடி நெகட்டிவ். விசிறியில் காயவைத்து, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஈரத்துண்டை இடுக்கில் திணித்தான். ஹைப்போ டப்பாவைத் தட்டிக் கடைசிக் கல்வரை கரைத்தான். அன்று எந்தக் கடையும் திறந்திராது. ஒரு படத்துக்கு இது போதும்.

சிவப்பு வெளிச்சம். இருட்டில் சொட்டுகிற குழாய். காற்றுத் துவாரத்துக்கு அப்பால் தாக் அடித்துக்கொண்டே இருந்தது, நெஞ்சுக்குள் அடிப்பதுபோல். காகிதத்தில் வெளிச்சம் காட்டினான். ஒன்று, இரண்டு, பன்னிரண்டுவரை எண்ணினான். முதல் தட்டில் அமிழ்த்தினான்.

ஆட்டினான்.

வெள்ளை. வெறும் வெள்ளை. பிறகு ஒரு நிழல். நாற்காலியின் கை. ஜன்னல் கம்பி. ஒரு பின்னல். புருவம். கண்கள். அகலமாக. திறந்து.

“வந்துடுத்து” என்றான், இருட்டில், யாரிடமோ.

அதே நொடியில் வெளியே மீனாக்ஷி அலறினாள். சந்தோஷ அலறல். “ஏன்னா! திறந்துட்டா! கண்ணைத் திறந்துட்டா! என்னைப் பாக்கறா! அம்மா காளி!”

வைத்தீஸ்வரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுகையும் சிரிப்புமாக. கையைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தொட்டான். படத்தை ஹைப்போவில் போடவில்லையே என்று பழக்கதோஷத்தில் திரும்பினான்.

தட்டில் தாரா இமைத்தாள்.

தண்ணீர் அசைந்திருக்கும். ஆட்டியது நின்று வெகு நேரமாயிற்று. அலை இல்லை. அவன் குனிந்தான். கண்கள் அவனைப் பார்த்தன. நகர்ந்தன. கதவைப் பார்த்தன. மறுபடி அவனை.

“வலது கண் நன்னா முழிக்கறதுன்னா” வெளியே மீனாக்ஷி மூச்சுவிடாமல் பேசினாள். “இடதுதான் கொஞ்சம் சின்னதா, பாதி மூடினாப்பல. அது சரியாயிடும், இல்லே? எழுந்து நடக்கறா! அங்கதான் வரா. உங்களைப் பாக்கணுமாம். கதவைத் திறங்கோ.”

பாதி மூடினாற்போல்.

அவன் காதிரண்டையும் பிடித்தான். ஏன் என்று யோசிக்கவில்லை. கைகள் தாமாகப் போயின. தட்டைப் பார்த்து நாக்கை நீட்டினான்.

தட்டில் அந்தக் கண்கள், ஓரம் சுருங்கி, சிரித்தன. பிறகு பயந்தன.

கதவில் தட்டு விழுந்தது. டக் டக். நிறுத்தி, டக்.

அவன் துள்ளினான். கால் பட்டு மூன்றாவது தட்டு கவிழ்ந்தது. ஹைப்போ தரையெல்லாம் ஓடி, சலசலவென்று, தண்ணீர் போகிற ஓட்டையில் இறங்கிற்று. டப்பா காலி. ஒரு கல் இல்லை.

“சார்” என்றது வெளியே குழந்தைக் குரல், தாராவின் குரல்தான். “இலை போட்டாச்சு சார். கதவைத் தொறங்க.”

“என்னடி சாருங்கற அப்பாவை?” மீனாக்ஷி சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. “ஏன்னா... திறங்கோளேன். இவ... ஏன்னா!”

வைத்தீஸ்வரன் கதவில் முதுகைக் கொடுத்தான். வெளியே தள்ளினார்கள். ஒருத்தியா, இரண்டு பேரா, தெரியவில்லை. தாழ்ப்பாள் ஆட, அடியில் ஈரத்துண்டு நழுவி, ஒரு நூல் வெளிச்சம் தரையில் நீண்டது. அதைக் காலால் மூடினான். டக் டக். டக். சிவப்பு பல்பின் கீழே, தட்டில், தாராவின் முகத்தைச் சுற்றியிருந்த வெள்ளை, நாற்காலிக்குப் பின்னாலிருந்து, ஓரமாக, மெல்லச் சாம்பலாகத் தொடங்கியிருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு முதுகில் இடித்தது. மீனாக்ஷி அவன் பெயரைச் சொல்லி அலறினாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவையும் அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. அவன் நகரவில்லை. இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, குழந்தை பயப்படக் கூடாதே என்று, நாக்கை நீட்டியபடியே நின்றான்.